பொறி தட்டிய கதை

இந்தக் கட்டுரையின் விஷயம் ஒரு மோட்டார் காரின் ஸ்பார்க் பிளக் என்று சொன்னால், உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள். சில மாதங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பிசகினால், ஒரு குடும்பத்தின் கதை நடுரோட்டில் முடிந்துபோக இருந்தது. அது என்னுடைய குடும்பம்.

என் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் பைத்தியம். மூன்று வருஷங்களுக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வெளிநாட்டுக் கம்பெனியின் வண்டி, பெயர் வேண்டாம். "டர்போ பெட்ரோல் எஞ்சின்! இந்த மாதிரி வண்டி இனிமே தேடினாலும் கிடைக்காது" என்று பெருமையோடு சொன்னார். அது சிவப்பாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு கார், எனக்கு ஒரு சமையலறை என்று பாகப் பிரிவினை ஆகிவிட்டது போல இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். திண்டிவனத்தில் திரும்பிச் செஞ்சியைத் தாண்டிவிட்டோம். பின் சீட்டில் எட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே பாதை வெறிச்சென்று இருந்தது. என் வீட்டுக்காரர் வலப்பக்கம் எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தினார்.

வண்டி சீறிப் பாயவில்லை. "தட தட தட" என்று உதறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. எதிரே சாலை வளைவில் ஒரு பஸ் வந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டியது. பஸ்ஸின் ஹாரன் என் காதுக்குள்ளேயே அலறியது. அவர் சட்டென்று பிரேக்கை அழுத்தி, லாரியின் பின்னால் வண்டியை நுழைத்துவிட்டார். பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்து போயிற்று.

குழந்தை விழிக்கக்கூட இல்லை.

ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மூணு வாரமாவே இப்படித்தான் இருக்கு" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வித்துடச் சொல்லுவே."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு மூன்று தடவை குலுங்கியதை நானும் கவனித்திருந்தேன். நானும் கேட்கவில்லை. கேட்டால், சமையலறை அலமாரிக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் காருக்குப் போய்விடுமே என்ற பயம்! ஆகப் பிழை இரண்டு பக்கத்திலும் இருந்தது.

மெதுவாக ஊர் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு நிபந்தனை போட்டேன். இந்த வண்டிக்கு என்ன கோளாறு, அது எதனால் வந்தது, எப்படித் தீரும் என்று எனக்குப் புரிகிற வரையில் குழந்தை அதில் ஏற மாட்டாள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"இதிலே புரியறதுக்கு என்ன இருக்கு? பெரிய காயிலாப் போட்டுட்டா சரியாயிடும். நாலு காயில், பதினாறாயிரம் ரூபாய்" என்றார் அவர்.

"அப்படியா? யார் சொன்னது?"

பதில் இல்லை. மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவருடன் நானும் ஒர்க் ஷாப்புக்குக் கிளம்பினேன்.

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது அந்த இடம். அங்கே எல்லோரும் 'பாய்' என்று அழைக்கும் மெக்கானிக், தாடி நரைத்த நிதானமான மனிதர். காயில் வாங்கப் போவதாக என் வீட்டுக்காரர் சொன்னதும் அவர் கையை அமர்த்தினார்.

"அவசரப்படாதீங்க சார். மொதல்ல நோவு எங்கேன்னு பாக்கணும். அப்புறம்தான் மருந்து."

ஸ்கேனர் என்ற சிறு கருவியை வண்டியில் மாட்டினார். அதில் 'பி 0303' என்று எழுத்து விழுந்தது. மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தமாம். மெக்கானிக்குகள் இதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

பெட்ரோல் ஏன் பற்றவில்லை? இதைப் புரிந்துகொள்ள நீங்கள் சமையலறைக்கு வந்தால் போதும். காஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் லைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'டிக்' என்று அமுக்கினால் அதன் முனையில் நீலப் பொறி ஒன்று தாவுகிறது. கார் எஞ்சினுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை, காயில் என்ற உறுப்பு இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது ஸ்பார்க் பிளக்கின் முனையில் உள்ள சின்ன இடைவெளியைத் தாவும்போது பொறி உண்டாகிறது. பொறியால் பெட்ரோல் ஆவி பற்றுகிறது. அதனால் வண்டி ஓடுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு பிளக்கும் ஒரு விநாடியில் 50 தடவை இப்படிப் பொறி விட வேண்டும்!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லைட்டர் வேலை செய்வது வெறும் காற்றில். பிளக் வேலை செய்வது நெருக்கிப் பிசைந்த காற்றில். சிலிண்டருக்குள் வரும் காற்றை எஞ்சின் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகிறது. டர்போ வண்டியில் இன்னும் மோசம். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, வெளிக் காற்றை உள்ளே திணிக்கிறது. சுவிட்ஜர்லாந்து நாட்டு எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ல் பேடண்ட் வாங்கிய யோசனை இது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் பலத்தைக் காட்டும். ஆனால் காற்று எவ்வளவு நெருக்கமோ, பொறி தாவுவது அவ்வளவு கஷ்டம். காலை ஆறு மணிக்கு ரங்கநாதன் தெருவில் எதிர்ச்சாரிக்குப் போவதற்கும், தீபாவளிக்கு முதல் நாள் மாலை போவதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரீடிரிக் பாஷன் 1889-லேயே இதைப் பரிசோதனை செய்து ஒரு விதியாகச் சொல்லிவிட்டார். காற்றின் அழுத்தம், இடைவெளியின் அளவு இவ்விரண்டையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது, பொறி தாவத் தேவையான வோல்ட். அழுத்தத்தைக் கூட்டினால், இடைவெளியைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வோல்ட்டைக் கூட்ட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இது புரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி ஏன் சமர்த்தாக இருந்தது? அப்போது சிலிண்டரில் நெருக்கம் இல்லை. நோஞ்சான் பொறியும் போதும். லாரியைத் தாண்டுவதற்காக முழு பலத்தையும் கேட்கும்போதுதான் நெருக்கம் உச்சத்துக்குப் போகிறது. எந்த நிமிஷத்தில் வண்டியை உயிருக்குயிராக நம்புகிறோமோ, அந்த நிமிஷம் பார்த்துத்தான் அது கை விடும்!

நான் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, அங்கே வந்திருந்த ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "மேடத்துக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று சிரித்தார். அவருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1888-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில், மோட்டார் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைம் நகரத்திலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்திலுள்ள தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் காரில் போனதில்லை. பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினாள். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாள். பொறிக்கு மின்சாரம் கொண்டு போகும் கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையை நிறுத்தும் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினாள் என்று சொல்கிறார்கள். ஆக, நெடும்பாதையில் முதன்முதல் இக்னிஷன் ரிப்பேர் செய்தவள் முப்பத்தொன்பது வயதுக் குடும்ப ஸ்திரீ! மேடத்துக்கு எதுக்கு என்றா கேட்கிறீர்கள்?

ஒர்க் ஷாப்புக்குத் திரும்புவோம். எங்கள் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தனிக் காயில். பாய் மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவது இடத்தில் வைத்தார். ஒன்றாவதை மூன்றில் வைத்தார். "காயில்ல கோளாறுன்னா நோவு ஒண்ணாம் நம்பருக்குப் போகணும். போகலைன்னா காயில் பாவம், குத்தம் பண்ணலை" என்றார். ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஸ்கேனரைப் பார்த்தார். அதே 'பி 0303'. நோவு இடம் மாறவில்லை!

என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. பதினாறாயிரம் ரூபாயை முதலிலேயே செலவழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கொஞ்ச நாள் நல்லா ஓடியிருக்கும். பெரிய காயில் முட்டித் தள்ளிப் பொறி வுட்டிருக்கும். உள்ளே நோவு அப்படியே இருந்து, அப்புறம் ஒரு நாள் கெளம்பியிருக்கும்" என்றார் பாய்.

பிறகு எஞ்சின் நன்றாக ஆறும் வரையில் காத்திருந்து பிளக்குகளைக் கழற்றினார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய கருங்கோடு. முனையில் தாவ முடியாத மின்சாரம் வெளிப்புறமாகக் குறுக்கு வழியில் ஓடிய தடம் அது. ஃபீலர் கேஜ் என்ற தகட்டால் இடைவெளியை அளந்து காட்டினார். 1.1 மில்லிமீட்டர்! மற்ற மூன்றும் 1 மில்லிமீட்டர். நாள்பட முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கிறது.

இன்னொரு சங்கதியும் வெளியாயிற்று. டர்போவின் காற்றழுத்தம், வண்டி புதிதாக வந்தபோது இருந்ததைவிட மிகவும் கூடியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ வேகத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றியிருக்கிறார். அழுத்தத்தைக் கூட்டியவர், பிளக்கை மறந்துவிட்டார். பாஷன் துரை சொன்னது அவருக்குத் தெரியாது, பாவம்!

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு அலைந்து நாலு புதுப் பிளக் வாங்கினோம். பழையதைவிட ஒரு படி 'குளிர்ச்சி'யான ரகம்; அதாவது, முனையின் சூட்டைச் சீக்கிரம் எஞ்சின் உடம்புக்குக் கடத்திவிடும். முனை அளவு மீறிக் காய்ந்தால் பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு எஞ்சினைக் கெடுக்குமாம். இதிலே ஒரு வேடிக்கை. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. போஷ் பிளக்கில் எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி! கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் மோசம் போவோம்.

பாய் ஒவ்வொரு பிளக்கையும் 0.7 மில்லிமீட்டருக்குச் சரி செய்தார். நடு முனை ஊசி போல மெல்லிய இரிடியம். அதைத் தொடவே கூடாது. வெளிக் கொம்பைத்தான் பூப்போல வளைக்க வேண்டும். என் அப்பா பழைய அம்பாஸிடர் காரின் 'பிளாட்டின'த்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிலே ஒரே காயில்தான். அதன் மின்சாரத்தை டிஸ்டிரிபியூட்டர் நாலு பிளக்குக்கும் பங்கு போடும். 1910-ம் ஆண்டு காடிலாக் காருக்காகக் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த முறையின் வழி வந்தது அது. அப்பாவின் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நான் நின்றதெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இதெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. எப்போது வேண்டாமல் போயிற்று?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளோட்டம் பார்த்தோம். உதறல் போய்விட்டது. ஆனால் எஞ்சின் சுற்று உச்சிக்குப் போகும்போது மட்டும் ஒரு சின்ன விக்கல். பாய் உதட்டைப் பிதுக்கினார். "காயிலுக்கும் பதினோரு வயசு. இவ்வளவு காத்தழுத்தத்துக்கு அதாலே முடியலை. இப்போ மாத்தினா அர்த்தம் உண்டு. இல்லைன்னா, அழுத்தத்தைக் கொறச்சுடுங்க. அதுவும் வைத்தியம்தான்."

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அழுத்தத்தைக் குறைச்சுடலாம். எனக்கு அந்த வேகம் வேண்டாம். உன் அலமாரிப் பணத்தைத் தொட வேண்டாம்" என்றார்.

அதே நேரத்தில் நான் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தது, "காயிலை வாங்கிடுங்க" என்பதுதான்!

கடைசியில் இரண்டும் நடந்தன. அழுத்தத்தை வண்டி புதிதாக இருந்த அளவுக்கே குறைத்தோம். பலமான புதுக் காயில்களும் போட்டோம். பாதிப் பணம் அவருடையது, பாதி என்னுடையது. தேவைக்கு மேல் கொஞ்சம் சக்தி கையிருப்பு இருந்தால், வெயிலிலும் மேட்டிலும் பொறி தவறாது. மற்றபடி, காயில் மாற்றினால் குதிரை சக்தி கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறி பெரிதானால் பலம் வராது. பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல் போனால் பலம் போய்விடும். அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டி டர்போவோ இல்லையோ, ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எஞ்சின் படம் போட்ட விளக்கு கண் சிமிட்டினால், காலை உடனே தளர்த்தச் சொல்லுங்கள். ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். எஞ்சின் ஓடும்போது காயிலைத் தொடாதீர்கள். அதன் அடி பொல்லாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி குலுங்கினால், "என்ன அது?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். நான் கேட்காமல் இருந்தது மூன்று வாரம். அவர் சொல்லாமல் இருந்ததும் அதே மூன்று வாரம்.

போன மாதம் மறுபடியும் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். செஞ்சியைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. இந்தத் தடவை வைக்கோல். எதிரே வெகு தூரத்துக்கு ஒன்றும் இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் லாரியைத் தாண்டித் தன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "ஏம்மா ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லே கண்ணு, பொறி தட்டிச்சு!" என்றேன்.